கோபன்ஹேகனுக்கு மூன்று பேர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். டென்மார்க்கிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார்கள். அது பத்துப் பன்னிரண்டு மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு டென்மார்க்காரரும் வந்து நான்கு மாதம் இருந்தார். வெயிலில் அவர் கழுத்து வெந்த நண்டு மாதிரி சிவந்துவிடும், ஆனாலும் எங்களோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அவரோடு கூட நின்று வேலை செய்தவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். என்னைவிட மூன்று வயது மூத்தவன் ஒருவன், கிரைண்டிங் மெஷினில் வேலை பார்த்தவன். இன்னொருவன் ஆவடியிலிருந்து வந்துகொண்டிருந்த எலெக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகாதவன். பெயர்கள் வேண்டாம். கிரைண்டர், எலெக்ட்ரீஷியன் என்றே சொல்கிறேன், கம்பெனியிலும் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

டென்மார்க்காரர் ஊருக்குப் போன இரண்டாவது மாதம் மானேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், மூன்று தொழிலாளிகள் கோபன்ஹேகனுக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி எடுக்க வேண்டுமாம், செலவெல்லாம் மெஷின் விற்றவர்களுடையதாம். எங்களிடம் பெரிய திறமை இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். டென்மார்க்காரர் பேசிய இங்கிலீஷ் எங்களுக்கும், நாங்கள் பேசிய இங்கிலீஷ் அவருக்கும் புரிந்தது. கம்பெனியில் வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. போய்வந்தால் மூன்று பேருக்கும் ஆட்களை மேய்க்கும் சார்ஜ்மேன் வேலை என்று மானேஜர் சொன்னார்.

அன்றைக்குத் திருமுல்லைவாயில் வீட்டுக்குச் சைக்கிளில் போனேனா பறந்து போனேனா என்று தெரியவில்லை. அம்மா முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். முறத்தைக் கீழே வைத்தாள், எந்த ஊர், எவ்வளவு தூரம், சோறு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில் சமையல் கட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"அதெல்லாம் சரி நைனா. இவ முழுகாம ஒண்ணும் இல்லியே? இருந்தா நீ கடல் தாண்டக் கூடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து என் மனைவி பதில் சொன்னாள். "ஒண்ணும் இல்ல அத்தே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு நாள் தள்ளிப் பத்து நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் முன்னால்தான் எனக்கே சொல்லியிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் நாலாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தன. இந்த முறையும் யாருக்கும் இப்போது சொல்ல வேண்டாம், கொஞ்சம் பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தது உண்மை. ஆனால் அது வேறு, இது வேறு.

தனியாக இருந்தபோது கேட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் அவளுக்குத் தெரியாதது இல்லை. மனைவி வயிற்றில் பிள்ளை இருந்தால் புருஷன் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, கடல் தாண்டவே கூடாது. முதல் இரண்டு முறையும் இதில் ஒன்றுகூட நான் மீறவில்லை. தாடியோடுதான் வேலைக்குப் போனேன்.

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றாள். "ரெண்டு வாட்டியும் தாடி வெச்சிக்கினு பக்கத்துலயேதான் இருந்தீங்க. இன்னா ஆச்சு? தங்குறது தங்கும். நீங்க போயிட்டு வாங்க. எட்டாம் மாசத்துக்குள்ள திரும்பிடுவீங்க."

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கணக்கில் தேறின பிள்ளை வாத்தியாருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். பயம் எனக்குத்தான். ஆனால் பெண்பிள்ளையே இத்தனை தைரியமாக இருக்கும்போது நான் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

அடுத்த நாள் காலையில் அவள் பின்பக்கத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள், வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி. எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் மூன்று நாள் தனியாகத்தான் உட்கார வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அம்மாவே சமைத்து, தள்ளி நின்று தட்டில் போடுவாள். "நாள் தள்ளிச்சேன்னு நானும் ஆசையா இருந்தேன்," என்று சொல்லி அம்மா முகம் வாடிப்போனாள். மூன்றாம் நாள் மனைவி தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். இல்லாத தூரத்துக்கு முழுசாக மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தவளை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் நண்பர்கள் இருவருக்கும் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் பகபகவென்று சிரித்துவிட்டு, "கப்பல்ல போனாத்தான் மாமே கடல் தாண்டுறது. நாம மேலதானே போறோம், கடலு எங்கியோ கீழ கீது," என்று எனக்கு ஒரு வழி செய்து கொடுத்தான்.

கிரைண்டருக்கு அதுவே பிடிக்கவில்லை. அவன் கறுப்புச் சட்டைக்காரன். ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன். கிரகணம் பிடித்திருக்கும்போது கேன்டீன் வாசலில் எல்லாரும் பார்க்க நின்று வடை தின்பான், வருகிறவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பான். "மேல போனா இன்னா, கீழ போனா இன்னா? எந்த மடையன் எழுதி வெச்சான் இதெல்லாம்? நீ வா மச்சான்," என்றான். அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்துதான் ஏற்பாடு செய்தோம்.

ஏற்பாடு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பெஞ்சு. கிரைண்டர் திருநின்றவூரிலிருந்தும் எலெக்ட்ரீஷியன் ஆவடியிலிருந்தும் ரயிலில் வந்து இறங்குவார்கள். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட அட்லாஸை நான் இரவல் வாங்கிப் போவேன். அதில் டென்மார்க் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. டென்மார்க்காரர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அங்கே குளிர்காலத்தில் மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிவிடும், உள்ளுக்குள் கம்பளி போட வேண்டும், காதை மூட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். எலெக்ட்ரீஷியனுக்கு ஒரே கவலை அரிசி. பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அப்பளம் என்று பட்டியல் போட்டான். கூடவே பம்ப் ஸ்டவ் ஒன்றும் எடுத்துப் போகலாம் என்றான். எங்கள் பயணத்தைக் கவனித்த பர்சனல் ஆபீசரிடம் கேட்டோம். நெற்றி நிறைய விபூதி பூசும் பெரியவர் அவர். தலையில் அடித்துக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினார்.

கோட்டுக்கு வழி செய்தவனும் எலெக்ட்ரீஷியன்தான். அவன் அண்ணன் ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் இடத்தில் வேலை. பனியில் நிற்கும் சிப்பாய்க்கு எப்படித் தைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மூன்று கறுப்புக் கம்பளி வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் உட்கார்ந்து மூன்று கோட்டு தைத்துக் கொடுத்தார். பழகிக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். சித்திரை மாதம். அரக்கோணம் வண்டியில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா குழந்தைக்கு எங்களைக் காட்டிச் சாப்பாடு ஊட்டினாள்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்தியதும் எனக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. முதல் கத்தரி விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிரைண்டர் பேப்பரை மடித்துவிட்டுக் கண்ணாடியில் என்னையே பார்த்தான். "இன்னாடா?" என்றான். ஒன்றுமில்லை, புழுக்கம் என்றேன்.

இரண்டு மாதத்தில் கிளம்பலாம் என்றுதான் முதலில் பேச்சு. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் நான் இல்லாத நேரம் வந்து திரும்பிப் போனார், மறுபடி வர ஒரு மாதம் ஆனது. அது முடிந்தால் அங்கே அவர்களுக்கு லீவு மாதம், ஊரே கடலோரம் போய்விடுமாம், யாரும் வேலைக்கு வர மாட்டார்களாம். கம்பெனிக்குத் தள்ளிப்போனால் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் வயிறு தள்ளிப்போகுமா? மாதாமாதம் அவள் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். வாந்தி வந்தால் கிணற்றடிக்குப் போய், சத்தம் கேட்காமல் இருக்க வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே எடுப்பாள், பித்தம் என்பாள். அம்மா பாவம், எலுமிச்சம்பழத்தில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுப்பாள். சினிமாவுக்குப் போகிறோம் என்று சொல்லி அம்பத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் இரண்டு முறை கூட்டிப்போனேன். நன்றாக இருக்கிறது, பாரம் தூக்காமல் இருந்தால் போதும் என்றார் அவர். திரும்பி வந்ததும் அம்மா படம் எப்படி என்று கேட்பாள். இவள் ஒரு கதையைக் கட்டிச் சொல்வாள். அந்தக் கதைகளில் எப்போதும் கடைசியில் எல்லாரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

நாலாம் மாதம் தாண்டியது. அதுவரை இது தங்குமா என்பதுதான் பயம். தாண்டிய பிறகு பயம் இரட்டித்தது, இழப்பதற்கு இப்போது ஒன்று இருந்தது. அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். லேசாக ஒரு அசைவு. அவள் சிரித்தாள். "போயிட்டு வந்து தூக்கிக்குங்க," என்றாள். நானும் சிரித்தேன். மறுநாள் வேலையில் ஒரு அளவைத் தப்பாக எடுத்து ஒரு முழு உருப்படியை வீணடித்தேன். கிரைண்டர் அதைப் பார்த்துவிட்டு எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டான்.

தேதி வந்தது. டிக்கெட் வந்தது. அவளுக்கு அப்போது ஐந்து முடிகிற நேரம். நல்ல உடம்புவாகு, புடவையை இழுத்துப் போர்த்தினால் இன்னும் பத்து நாள் சமாளிக்கலாம். நான் கிளம்பின மறுநாள் அத்தையிடம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவங்க யாரைத் திட்டினால் என்ன என்றாள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன்யா, பொஞ்சாதி அஞ்சு மாசமாமே? முன்னாடி ரெண்டு தங்கலியாமே? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேணாம்? இந்த நெலமைல கடல் தாண்டுவியா நீ?" என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் பெயரை அடித்துவிட்டதாகவும், இரண்டு பேர் போனால் போதும் என்று மானேஜர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "உன் சிநேகிதன்தான். அந்தக் கறுப்புச் சட்டை. அவனுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லியே," என்றார்.

நேராகக் கேன்டீனுக்குப் போனேன். தட்டில் கை வைத்திருந்த கிரைண்டரின் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். சாம்பார் அவன் மேலும் என் மேலும் கொட்டியது. துரோகி என்றேன், நான் சார்ஜ்மேன் ஆகிவிடக் கூடாது என்று செய்தாய் என்றேன், இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவன் என் கையைத் தட்டிவிடக்கூட இல்லை.

"எனக்கு இதுல எல்லாம் துளி நம்பிக்கை கெடையாது மச்சான்," என்றான். "ஆனா உனக்கு கீது. அதான் கஷ்டம். நீ அங்க கீறப்போ இங்க ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, நான் கடல் தாண்டுனதாலதான்னு சாவுற வரைக்கும் நெனச்சிக்கினு இருப்ப. நான் எவ்ளோ பேசினாலும் உன் மண்டைல ஏறாது. உன்ன அப்டி என்னால பாக்க முடியாது."

நான் காறித் துப்பிவிட்டு வந்தேன். அதோடு அவனோடு பேச்சு நின்றது.

வீட்டில் விஷயம் உடைந்தது. கடல் விஷயத்தை அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, போகவில்லை அல்லவா, அது போதும் என்றாள். அவளால் தாங்க முடியாதது அந்தத் தாழ்வாரம்தான். "நாலு மாசம் தூரம்னு சொல்லி எங்கையால சோறு வாங்கித் தின்னாளே. புள்ளைத்தாச்சிய வெறுந்தரையில ஒக்கார வெச்சிருந்தேனே," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. பேசாமலே மாங்காய் வாங்கி வந்தாள், பூண்டுக் குழம்பு வைத்தாள், வளையல்காரரிடம் சொல்லி வைத்தாள்.

என் மனைவியின் கோபம் முழுவதும் கிரைண்டர் மேல் இருந்தது. நல்லா இருப்பானா என்று கேட்டாள். கோபன்ஹேகனிலிருந்து இரண்டு பேரும் தனித்தனியாகப் படம் போட்ட கார்டு அனுப்பினார்கள். எலெக்ட்ரீஷியனுடையதைச் சுவரில் ஒட்டினாள். மற்றதைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் முன்னுக்கு வர இருந்ததைக் கெடுத்துவிட்டான் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

குழந்தை நான் ஷிஃப்டில் இருக்கும்போது பிறந்தது. பெண். வலி எடுத்து இரண்டு மணி நேரத்தில், ஒரு சிக்கலும் இல்லாமல். கேட்டில் இருந்த வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்திருந்தாலும் அவள் அப்படித்தான் பிறந்திருப்பாள்.

தீட்டுக் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் வந்தான். திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, வேலையிடத்தில் நாங்கள் பார்த்தும் பாராமல் இருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தான். குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லாய் கொண்டுவந்திருந்தான். அம்மா இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுக் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். என் மனைவி உள்ளேயே இருந்தாள். காபி வரவில்லை, தண்ணீர் கூட வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த எவனும் அப்படித் திரும்பிப் போனதில்லை. அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான், குல்லாயை நாற்காலியில் வைத்தான், ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனான். என்னைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

நான் உள்ளே போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் மேல கோவப்படாத," என்றேன். "பேரை அடிச்சிட்டேன்னு ஆபீசர் சொன்னாரே அன்னிக்கு, எனக்குப் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துது. யாராச்சும் தடுக்க மாட்டாங்களான்னு நான் தினம் வேண்டிக்கினு இருந்தேன். அவனுக்கு அது தெரிஞ்சிபோச்சு. அதான் அவன்கிட்ட எனக்குக் கோவம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆறு மாசமா நான் அந்த மனுசன வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு கீறேன். கேட்டுக்கினு சும்மா இருந்தீங்களா?"

நான் கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கினேன்.

"நாலு மாசம் அந்தத் தாழ்வாரத்துல ஒக்காந்தேனே, யாருக்காக? நீங்க ஆசப்படுறீங்களேன்னுதானே. ஒவ்வொரு நாளும் போகுமோ நிக்குமோன்னு எனக்கு மட்டும் பயம் இல்லியா? பயமா கீதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேனே."

அவள் அழுதாள். நான் அதுவரை அவள் அழுது பார்த்ததில்லை, முதல் இரண்டு முறையும்கூட அழவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்பில் பாலை வைத்தாள்.

"ரயில் இன்னும் போயிருக்காது," என்றாள். "போய்க் கூட்டிக்கினு வாங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். ரயில்வே கேட்டு போட்டிருந்தது. சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டுக் குனிந்து தாண்டி ஓடினேன். அவன் திருநின்றவூர் போகும் வண்டி நிற்கும் பிளாட்பாரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லிட்டியா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"அவளுக்கும் பயமாத்தான் இருந்துதாம்."

அவன் என் தோளில் கையைப் போட்டான். ரயில் வந்து நின்றது, கிளம்பியது. அவன் ஏறவில்லை.